தொரைப்படிக்குப் பெயின்ட் அடித்த கதை

குருவிமலைத் தோட்டத்து விளையாட்டு மைதானம், படுத்திருக்கும் எருமையைப் போல நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். நூறு வருசத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார் மலையைச் செதுக்கிச் சமப்படுத்தப் பார்த்து, பாதியில் பாறை தட்டுப்பட்டதும் இது போதும் என்று விட்டுவிட்ட இடம் அது. மேல்பக்கம் நிற்பவனுக்குக் கீழ்ப்பக்கம் தெரியாது. கீழ்ப்பக்கம் நிற்பவனுக்கு மேல்பக்கம் தெரியாது. பந்து வீச ஓடி வருகிறவனின் தொப்பிதான் முதலில் தெரியும். பிறகு மூக்கு, பிறகு நெஞ்சு, தூரக் கடலிலிருந்து கரைக்கு வரும் கப்பலைப் போல ஒவ்வொன்றாக மேலே வரும். பாட்டிங் பிடிப்பவன் அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டே நின்றால் விக்கெட் போய்விடும்.

மைதானம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க ஓர் இடந்தான் உண்டு. மரக்கால்கள் மேல் எட்டுப் பலகைப் படிகளும் ஒரு தகரக் கூரையுமாக நிற்கும் பழைய பார்வையாளர் மேடை. துரைமார் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கக் கட்டியது. தோட்டத்தில் அதற்குப் பெயர் தொரைப்படி. அதன் எட்டாம் படியில், ஞாயிற்றுக்கிழமைகளில், கோயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிவசக்தி உட்கார்ந்திருப்பாள்.

வாரநாட்களில் சிவசக்தி புள்ளக்காம்பராவில் வேலை செய்தாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும், அவர்களுடைய முப்பது குழந்தைகளையும் ஒரே தொண்டையால் அடக்கி வைப்பது அவள் வேலை. அப்படிப் பழகிய தொண்டை. மூன்று வருசத்துக்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தன்று, மைக்கில் ஸ்கோர் சொல்கிறவருக்குச் சளி பிடித்துக் குரல் போய்விட, புருசனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த சிவசக்தி, "கொஞ்சம் இங்க குடுங்க" என்று மைக்கை வாங்கினாள். அன்றிலிருந்து யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

குருவிமலையில் மைக்கில் பேசுவது சும்மா காரியமில்லை. பகல் இரண்டு மணியானால் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து ஆட்டக்காரர்களையே விழுங்கிவிடும். எதிர் மலையில், தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் இருக்கும் தொழிலாளர் லயங்களுக்கு மைதானம் எந்தக் காலத்திலும் தெரியாது. குரல் மட்டுந்தான் போகும். அங்கே வாசலில் விறகு பிளந்துகொண்டும் தலை வாரிக்கொண்டும் ஒரு சனமே அவள் சொல்வதைக் கேட்டு ஆட்டம் பார்த்தது. ஒரு பந்து எங்கே போனது என்று அவள் சொன்னால்தான் அது அங்கே போனது.

அந்தத் தொரைப்படியை இடிக்கப் போவதாகத் தை மாதம் செய்தி வந்தது. விளையாட்டுக்குப் பொறுப்பான ஓர் அலுவலகம் புதிய கொங்கிறீட் மேடை கட்டித் தருகிறதாம். வரைபடத்தைக் கொண்டுவந்து பெருமையோடு விரித்தவன் ரமேஸ். சிவசக்தியின் புருசன், விளையாட்டுக் கழகச் செயலாளர், மேற்கணக்கு அணியின் முதல் ஆட்டக்காரன், மூன்றும் அவன்தான்.

சிவசக்தி வரைபடத்தைப் பார்த்தாள். "மூணு படிதான் போட்டிருக்கு?"

"மூணு படின்னாலும் கொங்கிறீட்டு புள்ள. ஆயுசுக்கும் ஆடாது."

"மூணாவது படியில குந்தினா முதுகுக்கு அந்தப் பக்கம் எப்பிடிங்க தெரியும்? பாதி மாச்சுக்குத்தான் நான் ஸ்கோர் சொல்லணும். மிச்சப் பாதிய யாரு சொல்றது, முனியாண்டி சாமியா?"

"ஒனக்கு ஒன் மைக்குத்தான் பெருசு," என்றான் ரமேஸ். அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. "அந்தப் படியில நம்ம ஆளுக ஒருத்தன் குந்தினா பெரம்பால அடிப்பானுங்களாம். எங்க பாட்டன் தேயிலைக்குள்ள நின்னு பந்து பொறுக்கிக் குடுத்தவரு. ஒரு தடவ கூட ஏறினது கெடையாது. அதப் போயி காப்பாத்தணும்னு நிக்கிறியே, வெக்கமா இல்லையா?"

"அதத்தாங்க நானும் சொல்றேன். இம்புட்டு காலம் கழிச்சு இப்பத்தான் நம்ம குந்தியிருக்கோம். நான் குந்தி மூணு வருசந்தான் ஆகுது. அதுக்குள்ள இடிச்சா எப்பிடி?"

வாக்குவாதத்தில் தோற்றால் குளிக்கப் போவது ரமேஸின் வழக்கம். போனான்.

தொரைப்படியைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, சிவசக்தி பதுளையில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். படிப்பலகைகளில் துரைமார் கத்தியால் கீறிவைத்த பெயர்களையும் ஸ்கோர்களையும், எந்தப் படியில் எது என்று, விவரமாக எழுதினாள். 1911 என்று ஓர் இடத்தில் இருந்தது. ஒரு குதிரையின் படமும் இருந்தது. இரண்டு மாதம் சத்தமில்லை. பிறகு, வருகிற ஞாயிறு ஓர் அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார் என்று பதில் வந்தது.

பதில் வந்த நேரம் பார்த்து அவளைப் புள்ளக்காம்பரா வேலைக்காரர் பயிற்சி ஒன்றுக்குப் பதுளைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளியும் சனியும். "நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை.

சனி பின்நேரம் லுணுகலை பஸ்ஸில் இறங்கி, மலைப்பாதை ஏறி, கடைசி வளைவில் திரும்பியவள் அப்படியே நின்றாள். மைதானத்து ஓரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் முளைத்திருந்தது.

ஒரு படி வெள்ளை, ஒரு படி சிவப்பு, ஒரு படி வெள்ளை. தூண்களுக்கு மஞ்சள். கூரை ஓரத்துக்கு நீலம். உச்சியில் மாவிலைத் தோரணம். அடியில், சட்டையெல்லாம் மூன்று நிறத்தோடு, கையில் பிரஷ்ஷோடு, கலியாண மாப்பிள்ளையைப் போலச் சிரித்துக்கொண்டு நின்றான் ரமேஸ்.

"எப்பிடி?" என்றான். "கும்பாபிசேகத்து மிச்சப் பெயின்ட்டு. நேத்தும் இன்னைக்கும் மொத்தத் தோட்டமும் நின்னு அடிச்சோம். எனக்கு இஷ்டமில்லதான். ஆனா மேலெடத்து ஆளு வர்றப்ப அழுக்குப் படியக் காட்டினா ஒனக்குத்தான அசிங்கம்?"

சிவசக்தியால் பேச முடியவில்லை. ஆனந்தத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று எடுத்துக்கொண்ட ரமேஸ் இன்னும் உற்சாகமானான். "அது மட்டுமில்ல. எவனோ வேலையத்தவன் பலகையெல்லாம் கத்தியால கீறி வச்சிருந்தான். மரவேலை செய்ற நம்ம ரெங்கசாமி அண்ணன் ஒவ்வொண்ணா பார்த்து, புட்டிப் பசைய வச்சு அடைச்சு, இழைச்சு... இப்ப ஒரு கீறல் கெடையாது. தடவிப் பாரு, தடவிப் பாரு."

"குதிரை?" என்றாள் சிவசக்தி மெல்லிய குரலில்.

"அதையும் அடைச்சாச்சு!"

அன்றிரவு அவள் சமைக்கவில்லை. விஷயம் விளங்கியதும் ரமேஸும் சாப்பிடவில்லை. யார் வீட்டுக்கு மரியாதைப்பட்டவர்கள் வந்தாலும் சுண்ணாம்பு அடித்து, சாணி மெழுகி, பழைய சாமானை ஒளித்துவைத்து வரவேற்கத்தான் குருவிமலைக்குத் தெரியும். பழையதைப் பார்க்கவே ஒருத்தர் வருவார் என்று யார் கண்டது?

ஞாயிறு மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் ஆட்டம். இரண்டு கணக்கிலும் சேராதவர் என்பதால், லுணுகலையில் கடை வைத்திருக்கும் ஷுக்ரி நானா வழக்கம்போல நடுவர். ஒன்றரை மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் அதிகாரி கமலாம்பிகை: யாழ்ப்பாணத்துப் பக்கம், ஐம்பது வயதிருக்கும், வெளிர்ச் சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் ஒரு பழைய கட்டடம் பாக்க எண்டெல்லோ வந்தனான். அது எங்க?"

"இதுதாங்க மிஸ்."

"இதோ? இது நேற்றுப் பிறந்த பிள்ளை மாதிரிக் கிடக்கு!"

சிவசக்தி ஒன்றையும் மறைக்கவில்லை. கும்பாபிசேகம், புட்டி, குதிரை எல்லாம் சொன்னாள். "நல்லது செய்றதா நெனைச்சுத்தாங்க மிஸ் செஞ்சாங்க. இவரு நிஜமாவே இதுக்கு எதிர்க்கட்சி. எனக்காகத்தான் அடிச்சாரு."

ரமேஸ் மட்டையால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான்.

கமலாம்பிகை படியேறினார். கால்களைத் தட்டிப் பார்த்தார். பலகைகளின் அடியில் குனிந்து, "மரம் கல்லு மாதிரி இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எட்டாம் படிவரை ஏறித் திரும்பி, மைதானத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, "அட!" என்றார். பிறகு மிகச் சாதாரணமாக உட்கார்ந்தார்.

"மிஸ், குந்தாதீங்க!" என்று ரமேஸ் கத்தினான். ஆனால் அவர் குந்தி முடித்துவிட்டிருந்தார். குருவிமலைப் பனியில் பெயின்ட் ஒரு நாளில் காயாது. எட்டாம் படி சிவப்பு.

எழும்பப் பார்த்தார், சேலை பலகையை விடவில்லை. தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கமலாம்பிகை சேலையைப் பார்த்தார், கீழே வரிசையாக வெளிறிப்போன முகங்களைப் பார்த்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

"இனி எழும்பி என்ன செய்யிறது?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாச்சைத் தொடங்கச் சொல்லும் பிள்ளை."

சிவசக்தி பக்கத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்து மைக்கைத் தட்டினாள். ஐந்தாவது ஓவரில் மூட்டம் ஏறியது. கீழ்ப்பக்கம் நின்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கரைந்து போனார்கள். எட்டாம் படிக்கு மட்டும் வெள்ளைக்கு மேலே தலைகள் நீந்துவது தெரிந்தது.

"ரமேஸ் தூக்கி அடிச்சாச்சு! பந்து மேல போகுது, பாறையத் தாண்டுது, கீழ ஒருத்தன் ஓடுறான், கைய நீட்டுறான், வழுக்கி தேயிலைக்குள்ள விழுந்தான்! ஆளு விழுந்தான், பந்து விழல... இல்ல, பந்தும் விழுந்துருச்சு! நாலு! விழுந்தவரு எந்திரிச்சுக் கைய காட்டுறாரு, அடி ஒண்ணும் இல்ல, அவங்க அம்மா பயப்பட வேணாம்!"

இரண்டு நொடி கழித்து, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து, எதிர் மலையின் சிரிப்பு வந்து சேர்ந்தது.

கமலாம்பிகை காதைத் திருப்பினார். "அது ஆர்?"

"கீழ்க்கணக்கு சனங்க மிஸ். அவங்க இன்னமும் மைதானத்தையே பார்க்காம மாச்சுப் பார்க்கிறாங்க."

ஓவர் முடிந்ததும் அதிகாரி கேட்டார்: "பிள்ளை, இதை எங்கட பட்டியல்ல போடச் சொல்லி எழுதியிருந்தீர். போட்டா என்ன நடக்கும் தெரியுமோ? சுத்திக் கயிறு கட்டுவம். ஒரு பலகை வைப்பம். பிறகு ஒருத்தரும் ஏற ஏலாது. நீரும்தான்."

சிவசக்தி இதை நினைத்தே பார்த்ததில்லை. காப்பாற்றினால் உட்காரலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கீழே மைதானத்து விளிம்பில் நின்று ஆட்டம் பார்த்த தோட்டத்துப் பெண்களைப் பார்த்தாள். தகரக் கூரையை, எதிர் மலையைப் பார்த்தாள்.

"அப்ப வேணாங்க மிஸ்."

"சரி, இடிக்கட்டோ?"

"அதுவும் வேணாங்க மிஸ்."

"ரெண்டும் வேண்டாமெண்டா?"

"ஆளு ஏறாத படி எதுக்குங்க? தொரைமாரு காலத்துல நாங்க ஏற முடியாது. இப்ப கயிறு கட்டினாலும் ஏற முடியாது. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான?"

கமலாம்பிகை அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து, விளையாட்டு அலுவலகம் தங்களுக்கும் அனுப்பியிருந்த வரைபடத்தை எடுத்து, மூலையிலிருந்த சிறிய எழுத்தைக் காட்டினார். 'பழைய மேடை. பாவனையில் இல்லை. அகற்றப்படும்.' அதாவது, யாரும் பயன்படுத்தாத மேடையாம்.

"உம்மட மனுசன் புட்டி அடைச்ச பிறகு இதை நான் பட்டியல்ல போட ஏலாது. அந்தக் கவலை முடிஞ்சுது," என்றபடி கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினார். "ஹலோ, பார்த்தீபனோ? குருவிமலைப் படம் கீறினது நீர்தானே? வந்து பாத்தனீரோ? ...நினைச்சன். பாவனையில் இல்லை எண்டு போட்டிருக்கிறீர். நான் இப்ப அதிலதான் இருக்கிறன். ...ஓம், மாச்சு நடக்குது. ...இல்லைத் தம்பி, எழும்பி வெளியில வந்து கதைக்க ஏலாது, ஒட்டிப்போனன். ...கேளும். பாவனையில் உள்ள கட்டடம், கால்களைத் திருத்தினாப் போதும் எண்டு நாளைக்கு எழுதி அனுப்புறன். உம்மட கொங்கிறீட்டை எதிர்ப்பக்கம் தள்ளும். அங்க வெறும் புல்லுத்தான் கிடக்கு. ...சந்தோசம்."

கைபேசியை வைத்துவிட்டு, "சொல்லும் பிள்ளை," என்றார். "சனத்துக்குச் சொல்லும்."

சிவசக்தி மைக்கைத் தூக்கினாள். முப்பது குழந்தைகளை அடக்குகிற தொண்டையைத் திறந்தாள்.

"எல்லாருக்கும் ஒரு அறிவித்தல். தொரைப்படி இடிக்க மாட்டாங்களாம். இங்கயேதான் நிக்குமாம். புதுப்படி அந்தப் பக்கம் வருமாம். மொத்தத்துல நமக்கு ரெண்டு!"

மேல்பக்கம் கத்தியது. கீழ்ப்பக்கம் கத்தியது. களத்தடுப்பாளர்கள் தொப்பியை வீசினார்கள். முனையில் நின்ற ரமேஸ் மட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எட்டாம் படியைப் பார்த்துக் குதித்தான். ஆனால் பந்துவீச ஓடத் தொடங்கியிருந்த கீழ்க்கணக்குப் பையன், மைதானத்து முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தொப்பியாகவும் மூக்காகவும் நெஞ்சாகவும் ஏறி வந்து, பந்தை விட்டுவிட்டான். நடுக்கம்பு பறந்தது.

ஷுக்ரி நானா விரலைத் தூக்குவதா வேண்டாமா என்று யோசித்து, மேலே சிவசக்தியைப் பார்த்தார். ரமேஸும் மேலே பார்த்தான், கெஞ்சுகிற முகத்தோடு. பக்கத்தில் கமலாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார். எதிர் மலையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் சொன்னால்தான் உண்டு.

"ரமேஸ்," என்று மைக்கில் சொன்னாள் சிவசக்தி, இரண்டு நாள் கோபமும் முழுதாக வடிந்து சிரிப்பு முட்டிக்கொண்டு வர, "கிளீன் போல்ட்!"

"ஏ சக்தி! ஒனக்காகப் பெயின்ட் அடிச்சவன்டி நானு!" என்று பனிக்குள்ளிருந்து ஒரு கூவல் கேட்டது.

இரண்டு நொடி கழித்து எதிர் மலை முழுவதும் கைதட்டியது.