சூடு படாத மீன்கள்

சோழவந்தான் வாய்க்காலில் பிடித்த கெண்டைகளை அலுமினியத் தூக்குவாளியில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவாள் வசுந்தரா. எண்பதுகளின் நடுவில், நாகமலை அடிவாரத்து ஆய்வுக்கூடமொன்றில் அவள் ஆராய்ச்சி மாணவி. வெந்நீர் பட்ட மீனின் உடம்பு ஒரு தனிப் புரதத்தை உண்டாக்கும். சூட்டில் குலையும் மற்ற புரதங்களை அது தாங்கிப் பிடிக்கும். ஈயிலிருந்து மனிதன் வரை எல்லா உயிரிலும் இருக்கிற பழைய ஏற்பாடு அது. கெண்டையிலும் உண்டா என்று அவள் பார்த்தாள்.

இருந்தது. ஆனால் சூடே படாத மீன்களிலும், புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், அந்தப் புரதத்துக்குரிய நீலப்பட்டை விழுந்தது.

மாதிரிகளை எடுத்துவைத்தவன் உடன் படித்த உக்கிரபாண்டி. அவன்தான் மாதிரிக் குழாய்களை மாற்றிவிட்டான் என்று எல்லார் முன்னாலும் பேராசிரியரிடம் சொன்னாள். தான் மாற்றவில்லை என்று அவன் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். பேராசிரியர் அவனை வேறு அறைக்கு, வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த சோதனையில் புது மீன் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அவளே செய்தாள். அதே பட்டை. இந்தத் தடவை கை காட்ட ஆள் இல்லை.

மறுபடி மீனுக்குப் போனாள். திரும்பும்போது, தண்ணீர் சிந்தாமல் இருக்க எப்போதும்போல வாளியை டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் வைத்திருந்தாள். இறங்கும் இடத்தில் அடியில் கைகொடுத்துத் தூக்கியவள், சுட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். முன்பு கொண்டுவந்த மீன்களும் இப்படித்தான் வழியிலேயே சூடுபட்டிருக்கின்றன. ஆறவிடாமல், வந்த மறுநாளே அவற்றை அறுத்ததும் அவள்தான்.

இந்தத் தடவை கொண்டுவந்த மீன்களைத் தொட்டியில் பல நாள் ஆறவிட்டு, வெந்நீர் காட்டாமல் சோதித்தாள். பட்டை இல்லை.

வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்லும்படி பேராசிரியர் கேட்க, தப்பு தன்னுடையதுதான், உக்கிரபாண்டியுடையது இல்லை என்று திரும்பச் சொன்னாள். கடைசி வரிசையில் இருந்த உக்கிரபாண்டி தலை நிமிரவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். பழைய அறைக்கே வந்துவிடும்படியும் கேட்டாள்.

"அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களே, அது போதும்" என்றான். "முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, வசுந்தரா? கேக்கவே தோணலையா?"

தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

"புது வேலை பிடிச்சுப்போச்சு. அங்கேயே இருந்துக்கிறேன்" என்றான். பஸ் வந்தது. "வாரேன்" என்று ஏறிக்கொண்டான். அவளும் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும். அடுத்ததில் போகலாமென்று நின்றுவிட்டாள்.