தொட்டிக்கு ஒரு மூடி

எட்டு நாளில் நாலாவது தடவையாக ஆர்லன் அந்த வண்டிச் சாமான் கடைக்குள் நுழைந்தார். வேறு யாராக இருந்தாலும் கடைக்காரன் கர்ட் பாப்கா எரிந்து விழுந்திருப்பான். பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்கு ஒரு மூடி வாங்க மனிதர்களுக்கு அரைமணி நேரம் போதும். ஆர்லன் பெண் பார்த்தபோதுகூட இத்தனை நாள் யோசித்ததில்லை. ஒரு சனிக்கிழமை நடனத்தில் தெல்மாவைப் பார்த்தார், புல் அறுத்துக் கட்டி முடித்ததும் கல்யாணம். ஐம்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது.

முதல் தடவை வந்தபோது இரும்புப் பலகை மாதிரி கெட்டியான மூடியைக் கேட்டார். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே போய்விட்டார். இரண்டாவது தடவை பாய் மாதிரி சுருட்டுகிற மூடி. அதன் ஒட்டுப்பட்டையில் பனி உறைந்தால் என்ன செய்வது என்று கேட்டார். மூன்றாவது தடவை மூன்றாக மடிகிற துணிமூடி. ஜனவரிக் குளிரில் ரெக்ஸின் சுருங்குமா, எங்கள் பக்கத்துக் காற்றில் படபடவென்று அடிக்குமா, துளை போட வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கர்ட் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சட்டம் அலுமினியம், துணி தொங்காது. கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும், துளை வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. அது அவருக்கும் தெரியும். வியாழக்கிழமை தெல்மாவை நார்த் பிளாட் ஊரிலிருக்கும் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட வேண்டும். தொண்ணூறு மைல். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த இடம், தவறவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுடைய தேவதாரு மரப்பெட்டியை மட்டும் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். வானொலியில் வியாழக்கிழமை மழை என்றார்கள். மூடி வாங்காதவரைக்கும் வியாழக்கிழமை வராது என்று எழுபத்தொன்பது வயது மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். இன்று புதன்கிழமை.

கர்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஒரு பெட்டி நனையக்கூடாது, அவ்வளவுதானே? உங்க கொட்டகையில தார்ப்பாய் கெடக்குமே, பெரியவரே. எதுக்கு வீணா?"

"தார்ப்பாய் போட்டுக் கயித்தால கட்டி எதக் கொண்டுபோவோம், கர்ட்? குப்பைமேட்டுக்குக் கொண்டுபோற சாமானத்த. அவ பெட்டிய அப்படிக் கொண்டுபோக மாட்டேன்."

கர்ட் போன தடவை பார்த்த துணிமூடியை அலமாரியிலிருந்து இறக்கினான்.

அவருக்கு இருந்த இன்னொரு தயக்கத்தைக் கர்ட்டிடம் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவன் தொட்டியை மூட மாட்டான். வேலிக்கம்பு, முள்கம்பிச் சுருள், உப்புக்கட்டி, பிப்ரவரிக் குளிரில் பிறந்து விறைத்துப்போன கன்று, நாய், எல்லாம் ஏறி இறங்குகிற இடம் அது. மூடுகிறவன் மந்தையை விற்றுவிட்டு டவுனில் குடியேறியவன். ஏல அறிவிப்பு பத்திரிகையில் வருவதற்கு முன்பே மூடியைப் பார்த்துவிட்டு ஊர் முடிவுகட்டிவிடும். மந்தையை விற்ற எமில் ரஸ்முசன் வண்டிக்கு மூடி போட்டுக்கொண்டு வந்த அன்று, கூட்டுறவுக் கடைக் காப்பி மேஜையில் பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்தவர் ஆர்லன்தான். "மூடி போட்டாச்சா எமில்? இனி ஆணி அடிக்கிறது மட்டுந்தான் பாக்கி." சவப்பெட்டிக் கிண்டல் புரிந்து மேஜையே சிரித்தது, எமில் சிரிக்கவில்லை.

ஆர்லனும் போன ஏப்ரலில் மந்தையை விற்றுவிட்டார். வேறு வழியில்லை. பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, கன்று போடுகிற கொட்டிலுக்குப் போகிறேன் என்று தெல்மா வெறுங்காலோடு பனியில் நடந்துவிட்டாள். காற்றாலைத் தண்ணீர்த்தொட்டி ஓரமாகக் கண்டுபிடித்தார். பனியில் விறைத்து இரண்டு கால்விரல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு அவள் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு நாடாவால் கட்டிக்கொண்டு படுத்தார். மாட்டைப் பார்ப்பாரா, அவளைப் பார்ப்பாரா?

விற்றதை அவளிடம் சொன்னார். அழுதாள். மறுநாள் மறந்துவிட்டு, "பசங்க எங்கே?" என்று கேட்டாள். மாடுகளை அவள் பசங்க என்றுதான் சொல்வாள். மறுபடியும் சொன்னார், மறுபடியும் புதுசாக அழுதாள். ஆறு நாள் இப்படிப் போனது. ஏழாம் நாள், "வடக்கு மேய்ச்சல்ல நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். அவள் நிம்மதியாகப் போய்க் காப்பி போட்டாள். அன்றிலிருந்து பசங்கள் வடக்கு மேய்ச்சலில்தான் நிற்கிறார்கள்.

இல்லத்துக்குப் போகிற விஷயத்தை அவளிடம் சொல்லவே இல்லை. அவளுடைய அம்மா அப்படி ஓர் இடத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று வருஷம் கிடந்து செத்தாள். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வரும்போது தெல்மா அவர் கையைப் பிடித்து, தன்னை அந்த மாதிரி இடத்தில் விடக்கூடாது என்று வாக்கு வாங்கினாள். அவர் கொடுத்தார். கொடுக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

கடை வாசலில் கர்ட் டிரக்கின் பின்கதவைச் சாத்திவிட்டு, தொட்டியை உள்ளுக்குள் அளந்து, மூடியை வைத்து நாலு கிளாம்பையும் இறுக்கினான். மடித்தும் விரித்தும் காட்டினான்.

"முப்பது பவுண்டு கனந்தான் இருக்கும். நீங்க தனியாவே கழட்டி மாட்டிக்கலாம்."

"தனியாத்தான்" என்றார் ஆர்லன்.

திரும்பும் வழியில் கூட்டுறவுக் கடை வாசலில் எமில் நின்றிருந்தார். மூடியைப் பார்த்தார், ஆர்லனைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் நாலு வார்த்தை கிண்டல் செய்திருந்தால்கூட ஆர்லனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை அவள் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தொட்டியில் ஏற்றி மூடிவிட்டார். டவுனுக்குப் போய்ப் பழ அப்பம் சாப்பிடலாம் என்று அவளிடம் சொன்னார். அவள் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வந்தாள். மகள் பெயர் மறந்தவள், சில நாள் கணவனையே வேலைக்காரன் என்று நினைத்து நன்றி சொல்கிறவள். அவள் டிரக்கையா கவனிக்கப்போகிறாள் என்று அவர் எண்ணியிருந்தார்.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"பசங்கள வித்துட்டியா, ஆர்லன்?"

மழைக்காகப் போட்டது என்று சொன்னார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் மறதியே இல்லை.

"மாடு வெச்சிருக்கிறவன் தொட்டிய மூடுவானா? என்கிட்டயே கதை விடறியா?"

கொக்கியைத் தட்டி ஒரு மடிப்பை அவளே திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை. மடிப்பை இழுத்து ஒழுங்காக மூடி, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"கையப் பிடிச்சுக் கேட்டேனே, ஆர்லன்."

அவருக்குச் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால், அடித்திருந்தால், வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தால், வண்டியை எடுத்திருக்க மாட்டார்.

முப்பது மைலில் மறந்துவிட்டாள். ஜன்னல் வழியாக மழையைப் பார்த்து, புல்லுக்கு நல்லது என்றாள். எதிரே வந்த வண்டிக்காரர்கள் வழக்கம்போல ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை வணக்கமாக உயர்த்தினார்கள். அவர்களுக்கு அவள்தான் பதில் விரல் காட்டிக்கொண்டு வந்தாள்.

இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்தி மூடியை மடித்தார். பெட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கர்ட் சொன்னபடியே நல்ல மூடி. தெல்மா இறங்கி வந்து அதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பசங்கள வித்துட்டியா?" என்றாள். காலையில் அழாத அழுகையை அங்கே அழுதாள். இல்லத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்து தோளில் கைபோட்டு அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். வெளிக்கதவுப் பூட்டைத் திறக்கும் நாலு இலக்க எண்ணை அவர் காதில் மட்டும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனார். அவள் அறை ஜன்னல் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்து இருந்தது. அவர் மூடி போட்ட வண்டியை நிறுத்தி, கையெழுத்துப் போட்டு, தாழ்வாரத்தைக் கடந்து போய்ச் சேர்வதற்குள்ளேயே அவள் கண் சிவந்திருந்தது. "எல்லாம் வித்துட்டு என்னையும் கொண்டுவந்து போட்டுட்ட" என்றாள். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து நாடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க மூடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சனிக்கிழமை நாலு கிளாம்பையும் தளர்த்தித் தனியாளாகக் கழற்றினார். கர்ட் சொன்னது சரிதான், கனமே இல்லை. கொட்டகையில் தார்ப்பாய்களோடு சாய்த்து வைத்தார். பிறகு தொட்டியில் இரண்டு கட்டுக் காய்ந்த புல், ஒரு உப்புக்கட்டி, மிச்சமிருந்த முள்கம்பிச் சுருள் எல்லாவற்றையும் ஏற்றினார். தீவனம் தின்ன ஒரு மாடு கிடையாது. சக்கரத்தில் சேறு இருக்கட்டும் என்று வடக்கு மேய்ச்சல் வழியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டும் வந்தார். பைத்தியக்காரத்தனம்தான். பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு நேர் எதிரே, பின்பக்கம் நன்றாகத் தெரியும்படி வண்டியை நிறுத்தினார். தாழ்வாரத்தில் போகும்போதே அவள் குரல் கேட்டது. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆர்லனுக்கு நெஞ்சு லேசானது. எட்டு மாதத்தில் அவர் செய்த ஒரு காரியமாவது பலித்ததே.

அறைக்கதவைத் திறந்தார். தெல்மா கோட்டைப் போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டியிருந்தாள். கைப்பை மணிக்கட்டில் தொங்கியது. படுக்கையை அழகாக மடித்து வைத்திருந்தாள்.

"பசங்களுக்கு இன்னும் தீனி போடலியா நீ? புல்லு அப்படியே வண்டில கெடக்கு" என்றாள். "சரி வா, போலாம். போற வழியில ரெண்டு பேருமா போட்டுடலாம்."

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். விரல் போன காலைச் சற்றுத் தாங்கியபடி, வேகமாகத்தான் நடந்தாள். வெளிக்கதவு வந்தது. தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"மாட்டிக்கிச்சு போல. நீ தொறயேன், ஆர்லன்."

சுவரில் எண் அழுத்தும் பலகை இருந்தது. அவருக்கு எண் தெரியும். கண்ணாடிக்கு வெளியே டிரக் நின்றது, புல்கட்டு மேல் வெயில் அடித்தது. அவள் கையை விடாமல், தனக்கும் திறக்கத் தெரியாது என்று சொன்னார்.