காற்றில்லாமல் மூச்சுவிடுபவை

கார்களுக்குப் பெயின்ட் அடித்து நுரையீரலைத் தொலைத்தவரின் ஆக்ஸிஜன் மெஷின், புயலில் மின்கம்பம் சாய்ந்த பிறகு, சாக்கடைச் சேறு தரும் மின்சாரத்தில் ஓடியது. ஒரு டிரம் நிறையச் சேறு, மேலே இறுகிய மூடி, உள்ளே பழைய பேட்டரிகளை உடைத்து எடுத்த கரித்தண்டுகள். மனைவியின் தம்பி, வயரிங் வேலை பார்ப்பவன், அமைத்துக் கொடுத்தான். சோற்றைச் சக்தியாக்கும் எந்த உயிருக்கும் கடைசியில் மிஞ்சும் மின்துகள்களை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். நமக்குக் காற்று, சேற்றுக் கிருமிகளுக்குக் கரித்தண்டு. அவை அதில் இறக்கியதை ஒரு கம்பி மின்சாரமாக மெஷினுக்குக் கொண்டுபோகும். இதில் ஒரு சுவர்க்கடிகாரம் ஓடினாலே அதிகம் என்று அவனே சொன்னான். மெஷின் ஓடியது. ஓடுகிற மெஷினை யார் கேள்வி கேட்பார்கள்?

மனைவி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். மிச்சம் மீதியைக் கொண்டுவந்து டிரம்மில் கொட்டினாள். தொழிற்சாலையை மூடியதும் தன் பங்குச் சோற்றைக் கொட்டினாள். கிருமிகளுக்கு ருசி கிடையாது, பசி மட்டும்தான். வேளை தப்பினால் மெஷின் இழுத்து இழுத்து ஓடியது, அவரும் அப்படியே. அவள் துரும்பாக இளைக்க, டிரம் புளித்த வாடையோடு செழித்தது. "எங்க அக்கா ரெண்டு புருஷனுக்கு வடிச்சுக் கொட்டுறா மாமா," என்றான் தம்பி. "அதுல ஒருத்தனாவது சம்பாதிக்கிறான்."

மூச்சுத் திணறல் என்னவென்று பெயின்டருக்குத் தெரிந்த அளவு அந்தத் தெருவில் எவருக்கும் தெரியாது. அத்தனை உயிர்களை மூடி போட்டு அடைத்திருப்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் அரிசி வாங்கப் போன ஒரு மதியம், மூக்குக் குழாயோடு தவழ்ந்துபோய் மூடியைத் திறந்துவிட்டார். சில கிருமிகள் காற்றுப் பட்டுச் செத்தன. மற்றவை, காற்றே கிடைத்த பிறகு கரித்தண்டு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டன.

அவள் திரும்பியபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"பாவம்னு தெறந்தேன்."

திட்டுவதற்கு நேரமில்லை. காற்று எட்டாத அடிச்சேற்றை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். அந்த வீட்டில் காற்றுப் புகாத இடம் இனி அவள் வயிறு ஒன்றுதான். கம்பி முனையைத் தொப்புளில் வைத்து அழுத்தினாள். மெஷின் ஒருமுறை விக்கி, ஓடத் தொடங்கியது.

பிறகு கம்பத்தை நிமிர்த்தினார்கள். தெருவுக்கு மின்சாரம் வந்தது. மெஷின் அதை ஏற்கவில்லை. வயர் எட்டுகிற தூரமே அவள் உலகமானது. அக்கம்பக்கத்தார் முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். மீட்டர் பார்க்க வருபவர் வயரை மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகினார். காய்ச்சலிலும் தின்றாள், வாந்தியெடுத்துவிட்டும் தின்றாள். அவள் தாய் செத்த அன்றும் வயர் வாசல்வரைதான் எட்டியது. அங்கே உட்கார்ந்து, அழுதுகொண்டே தின்றாள்.

ஏழாம் வருடம் பெயின்டர் கேட்டார். "இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடாம படுத்துடேன். ரெண்டு பேருக்கும் விடுதலை."

அவளுக்குத் துளியும் பசியில்லை. தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள்.

"பேசாம மூச்ச விடுங்க," என்றாள்.