முன் சக்கரம் இல்லாத சைக்கிள்

எழுநூற்று நாற்பது ரூபாய். சைக்கிள் கடைக்காரருக்குப் புயல் என்கிறவன் வைத்திருந்த பாக்கி அவ்வளவுதான். செயின், பிரேக் கட்டை, இரண்டு டியூப் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கடன். கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன கடைக்காரர் ஒரு நாள் ஸ்பேனரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முன் சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"முழு சைக்கிளயும் தூக்கிட்டுப் போனா நான் கெட்டவன் ஆயிடுவேன். இது ஒத்தைச் சக்கரம்தானே. பாக்கியக் குடுத்துட்டு வாங்கிக்கங்க அண்ணே."

புயல் என்பது கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அவனுக்கு வைத்த பேர். மெதுவாகச் செய்ய அவனுக்கு எதுவுமே வராது. சாப்பிட உட்கார்ந்தாலும் யாரோ தட்டைப் பிடுங்க வருகிற மாதிரிதான் சாப்பிடுவான். அந்த அவசரத்தில்தான், லாரியின் பின்கதவைத் திறப்பதற்குள் மேலிருந்து குதித்து வலது முட்டியைத் திருகிக்கொண்டான்.

பயிற்சி கொடுத்து எலும்பு, தசை பார்க்கிற டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்தார். "படுத்தே கிடந்தா துருப்பிடிச்சிரும். சைக்கிள் மிதிங்க. மெல்ல ஓடுங்க. மூச்சு வாங்காம பேச முடியணும், அதுதான் அளவு. மூட்டை மட்டும் இப்போதைக்கு வேணாம்."

'சைக்கிள்' காதில் விழுந்தது. 'ஓடுங்க' விழுந்தது. 'மெல்ல' மட்டும் வாசலோடு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் நாய் துரத்துகிற மாதிரி ஓடினான். தெருமுனை நாய் நிஜமாகவே துரத்தியது. பாதி தூரத்தில் அதற்கே வெறுத்துப்போய்த் திரும்பிவிட்டது. சாயங்காலம் முட்டி பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படி வீங்கிட்டு வந்தா, வேலைக்குப் போகலாம்னு நான் எழுதித் தரமாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

அவர் எழுதித் தராவிட்டால் கிடங்கு மேஸ்திரி உள்ளே விடமாட்டார். மாசக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த இடத்தில் தன் மச்சினனைப் போடுவதாக வேறு சொல்லியிருந்தார். மச்சினன் தினமும் கிடங்குக்கு வந்து, புயல் பை மாட்டுகிற ஆணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

புயல் சைக்கிளை அறைக்குள் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டான். சக்கரம் இல்லாத முன்பக்கத்துக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தான். ஏறி உட்கார்ந்து மிதித்த மிதியில் பின் சக்கரம் விர்ரென்று சுற்றி, சுவரில் இருந்த காலண்டர் படபடத்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"எங்கயும் இல்ல."

"எங்கயும் இல்லாததுக்கா இவ்வளவு அவசரம்?"

அவள் தையல் வேலை செய்கிறவள். மெஷினின் கால்பலகை உடைந்து, சரிசெய்யக் காசில்லாமல், ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி இன்னொரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சும்மா சுற்றுகிற பின் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டயரை உருவி எறிந்துவிட்டு, வளையத்தில் கயிற்றைப் போட்டு, மறுமுனையைத் தையல் மெஷினில் மாட்டினாள்.

"மிதிங்க. மெதுவா."

அவன் ஒரு சுற்று மிதித்தால் மெஷின் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றியது. அவனோ தன் வழக்கப்படி மிதித்தான். அவள் கையை எடுப்பதற்குள் தலையணை உறை நான்கு பக்கமும் மூடிக்கொண்டது. கூடவே மேசை விரிப்பையும் பிடித்துக்கொண்டது.

"தலையணைய எந்த வழியா உள்ள விடுறது?"

"தையல் உறுதியா இருக்குல்ல?"

அவள் பிளேடை நீட்டினாள். "பிரிங்க."

மிதிக்க ஒரு நொடிதான் ஆனது. பிரிக்கச் சாயங்காலம் வரை ஆனது. ஒவ்வொரு நூலாக அறுத்துப் பிடுங்கும்போதுதான், டாக்டரம்மா வாயால் சொன்னது அவன் மண்டையில் ஏறியது.

அதன்பிறகு அவள் சொல்வதுதான் சட்டம். "நேரா போகுது, மிதிங்க. வளைவு வருது, குறைங்க. நில்லுங்க, நூல் அந்துபோச்சு." மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்க்க, மிதித்தபடியே பேசவும் வேண்டியிருந்தது. கொழுந்தியாளுக்குத் தன் மேல் வருஷக்கணக்கில் கோபம் இருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரியவந்தது. காரணம் கேட்டான். கொழுந்தியாள் கல்யாணப் பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுக் கிளம்பிப் போய்விட்டானாம்.

காலையில் ஓடும்போதும் தையல் சத்தம் மனசுக்குள் டக்கு டக்கென்று கேட்டது. காலர் தைக்கிற வேகத்தில் ஓடினான். துரத்த வந்த தெருமுனை நாய் அவனைத் தாண்டிப் போய், திருப்பத்தில் உட்கார்ந்து, வரட்டும் என்று காத்திருந்தது.

மறுநாள் டாக்டரம்மா முட்டியைப் பார்க்க வேண்டிய நாள். அதற்கு முந்தின சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர் ஒரு தார்ப்பாயைச் சுமந்துகொண்டு ஓடிவந்தார். கடை முகப்பில் கட்டியிருந்தது நடுவில் கிழிந்துவிட்டதாம். வெளியே வானம் கறுத்திருந்தது.

"எங்கண்ணே போறீங்க, முன் சக்கரம் இல்லாம?"

"தைக்கப் போறேன் தம்பி. உக்காருங்க."

தார்ப்பாய் முரட்டுத் துணி. ஊசி திணறித் திணறி இறங்கியது. கடைக்காரர் ஜன்னலுக்கும் மெஷினுக்கும் நடையாய் நடந்தார். "வேகமா மிதிங்கண்ணே. உள்ள புது டயரெல்லாம் கிடக்குது. மழைக்கு முன்னால முடிச்சுக் குடுங்க, எழுநூத்தி நாப்பதையும் விட்டுடறேன்."

புயலின் கால் தானாகத் துடித்தது. நாலு மிதி மிதித்தால் கடன் போச்சு. முட்டிக்குள் ஏதோ சுருக்கென்றது. பையும் ஆணியும் மச்சினனின் மூஞ்சியும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன.

"அவசரப்படாதீங்க தம்பி. இது மெதுவாத்தான் ஆகும்."

மனைவி தையலை நிறுத்திவிட்டு அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. கடைக்காரர் தைத்து முடிந்த தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு, "பாக்கி பாக்கிதான் அண்ணே" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

காலையில் டாக்டரம்மா முட்டியை மடக்கினார், நீட்டினார், அறைக்குள்ளேயே ஓடச் சொன்னார். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க இப்படி ஓட?" என்று கேட்டுக்கொண்டே எழுதிக் கொடுத்தார். புயல் அந்தக் காகிதத்தோடு கிடங்குக்கு மெல்ல ஓடிப்போய்ப் பையை ஆணியில் மாட்டினான். மச்சினன் எழுந்து பெருமூச்சு விட்டு, வேறு ஆணி ஏதாவது காலியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

சாயங்காலம் கடைக்காரர் முன் சக்கரத்தோடு வாசலில் நின்றார்.

"அண்ணி, ராத்திரிக் காத்துல பக்கத்துக் கடை தார்ப்பாயெல்லாம் பறந்துபோச்சு. நம்மளுது அசையல. தையல் கூலிக்குப் பதிலா சக்கரத்த மாட்டிவிட்டுட்டுப் போறேன். பாக்கிய அப்புறம் பாத்துக்கலாம்."

"அத மாட்டாதீங்க தம்பி" என்றாள் அவள். "மாட்டினா இவரு ஓட்டிட்டுப் போயிடுவாரு. அப்புறம் நான் யாரை வெச்சுத் தைக்கிறது? சக்கரமும் உங்களுக்கே, கூலியும் வேணாம். பாக்கியக் கணக்குலேர்ந்து அடிச்சிடுங்க."

கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றிப் பார்த்தார். புயலைப் பார்த்தார். அவன் அதற்குள் செங்கல்லைச் சரிசெய்து, ஏறி உட்கார்ந்து, டக்கு டக்கென்று மிதிக்க ஆரம்பித்திருந்தான்.

"சரி, அடிச்சாச்சு" என்று சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.