ஓடாமல் போன பெயர்

ராபின் அண்ணன் கம்ப்யூட்டரில் பில்டு கொடுத்ததும் திரையில் ஃபைல்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். தொட்டி, மோட்டார், மணி, விளக்கு. நான் சால்டரிங் வைக்கும் மேசையிலிருந்து பார்த்தால், ஈயப் புகைக்கு அப்பால் அவை கும்மிடிப்பூண்டியில் நிற்காமல் போகிற ரயிலின் பெட்டிகளைப் போலத் தெரியும். கடைசிப் பெயர் போனதும் நான் மூச்சு விடுவேன்.

"ஒவ்வொரு ஃபைலா மெஷினுக்குப் புரியற மாறி மாத்திக்கினு போவும், அது கம்பைல்" என்று அண்ணன் ஒருநாள் சொன்னார். "அப்பால எல்லாத்தையும் ஒண்ணா சேத்துக் கட்டும், அது லிங்க்."

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கிற பெட்டிக்கான புரோகிராம் அது. ராபின் அண்ணன் தனியாகச் செய்த முதல் வேலை. நான்கு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். மூன்றரைக்குத் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. மணி அடிக்கும் பகுதி கிடைக்கவில்லை, லிங்க் ஆகாது என்றது.

அண்ணன் மணி ஃபைலைத் திறந்தார். "தோ, முழுசா கீது. எதிர்ல வச்சிக்கினே இல்லன்னுது."

முதலாளி பாக்கியநாதன் டீ டம்ளருடன் பின்னால் வந்து நின்றார். "நான் வேணா கையில ஒரு மணிய வச்சிக்கினு பெட்டிக்குள்ள குந்திக்கட்டா? இன்னிக்கி அடிக்கலன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க நைனா."

அண்ணன் மறுபடி பில்டு கொடுத்தார். பெயர்கள் ஓடின. தொட்டி. மோட்டார். விளக்கு.

நடுவில் மணி ஓடவில்லை.

பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு, வருகைப் பதிவில் ஷீலாவுக்கு அடுத்து நேராக சுமலதாவைக் கூப்பிட்டிருப்பார்கள். அதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அங்கே என் பெயர் ஓடவில்லை என்று யாரும் கையைத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

"அண்ணா, மணி பேர் வரல" என்றேன்.

"இன்னா?"

"மோட்டாருக்கு அப்புறம் மணி வரும். இன்னிக்கி ரெண்டு தடவையும் வரல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஃபைலின் மேல் மவுஸை வைத்து எதையோ திறந்தார். இந்த ஃபைலை பில்டில் சேர்க்காதே என்ற கட்டத்தில் ஒரு டிக் இருந்தது.

"காலையில ஃபைல அடுக்கிக்கினு இருந்தப்ப கை பட்டுக்கிச்சி" என்று முனகிக்கொண்டே அதை எடுத்தார்.

மறுபடி ஓடியது. தொட்டி. மோட்டார். மணி.

"பிரசன்ட் மிஸ்."

சொன்னது நான்தான். வெளியே கேட்டுவிட்டது.

"யாருமா மிஸ்ஸு?" என்றார் முதலாளி. அதற்குள் அண்ணன் புரோகிராமைப் பெட்டியில் ஏற்றி, பக்கெட் தண்ணீரில் மிதவையைப் போட்டார். மணி அடித்தது. வாசலில் கார் வந்து நின்றது. யாரும் மணியை நிறுத்தவில்லை. நான் தலை குனிந்து ஈயக் கம்பியை எடுத்துக்கொண்டேன்.