மணலாற்றுப் பாம்பு

லாசால் நகரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் யோகேந்திரன், கோடை விடுமுறைக்கு மகள் கஜந்தினியைப் பார்க்க அரிசோனாவுக்குப் போனார். அவர்கள் ஊர் டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்ச்சி செய்யும் அவள், ஜூலை முழுக்க அங்கே பாலைவனத்தில் கள்ளிகளை அளந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு கள்ளியும் மூன்று ஆள் உயரம்.

மூன்றாம் நாள் மத்தியானம் வெயில் நாற்பத்திரண்டு பாகை.

"மேட்டில இன்னும் நாலு கள்ளி கிடக்கு அப்பா. அளந்திட்டு வாறன். நிழல் பார்த்து இருங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போனாள்.

நல்ல நிழல் கீழே வறண்டு கிடந்த மணலாற்றில், ஒரு பாறையடியில் இருந்தது. யோகேந்திரன் இறங்கிப் போய், தொப்பியைக் கழற்றி வைத்து, உட்காரக் குனிந்தார். கிலுகிலுவென்று ஓர் ஓசை. பாறை இடுக்கில் பாம்பொன்று சுருண்டு, வால் நுனியை நிமிர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தது. தொப்பியையும் விட்டுவிட்டுக் கரையேறி ஓடினார்.

"சனியன்! இவ்வளவு பெரிய பாலைவனத்தில உனக்கு இந்த நிழல்தானோ கிடைச்சது?" என்று மூச்சிரைக்கத் திட்டினார்.

தலைக்கு மேல் வானம் வெளித்திருந்தது. தூரத்து மலைகளில் மட்டும் கருமுகில். கால் மணி நேரம் போயிருக்கும், ரயில் வருவதுபோல் இரைச்சல் கேட்டது. மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு செந்நிற வெள்ளம் வந்தது. அந்தப் பாறை அவர் கண்ணெதிரே மூழ்கியது.

"அப்பா! அப்பா!" என்று கதறியபடி கஜந்தினி மேட்டிலிருந்து ஓடிவந்தாள். அவரைக் கரையில் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள்.

"மலையில பெய்தா இஞ்ச வெள்ளம் வரும். ஆத்துக்குள்ள இறங்க வேண்டாமெண்டு சொல்ல மறந்துபோனன்."

"அழாதை பிள்ளை. பாம்பு வந்து சொல்லிப்போட்டுது."

பின்னேரம் அங்கேயும் மழை கொட்டியது. செடிகளெல்லாம் மணந்தன. மாதக்கணக்காக மண்ணுக்குள் கிடந்த தேரைகள் வெளியே வந்து கத்தின. இருவரும் நனைந்துகொண்டே வண்டிக்கு நடந்தார்கள்.

லாசாலுக்குத் திரும்பியதும் யோகேந்திரன் நடந்ததையெல்லாம் மனைவி செல்வமலரிடம் சொன்னார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பாம்பு தப்பிச்சுதோ?"

அதுவரை அவர் அதை நினைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"தெரியேல்லையப்பா," என்றார்.

செல்வமலர் கையைக் கழுவி, நாகபூசணி அம்மன் படத்துக்கு முன் விளக்கேற்றினாள். அவரும் போய்ப் பக்கத்தில் நின்று கும்பிட்டார். என்ன சொல்லி வேண்டுவதென்று தெரியவில்லை.

"அது கரையேறியிருக்க வேணும், தாயே," என்றார்.