விளிம்பில் பொறித்த எண்

வைர மோதிரம் கூரியரில், ஒரு அட்டைப்பெட்டிக்குள் வந்ததுதான் அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைச் சோதித்தவர். சீல் உடைத்து ஒட்டியிருந்தால் மூக்கிலேயே வியர்த்துவிடும் அவருக்கு. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் 'சீல்காரர்'தான்.

மோதிரத்தை அனுப்பியவர் மகளுக்கு நிச்சயமாகியிருந்த பையன். வெளிநாட்டில் வேலை. மோதிரம் ஆன்லைனில் தேடிப் பிடித்ததாம். கடை விலையில் பாதி.

"பாதி விலைக்கு முழு வைரம் எவன் குடுப்பான்?" என்றார்.

"சர்டிபிகேட் இருக்குப்பா. பிடிக்கலைன்னா முப்பது நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம்" என்றாள் மகள்.

"திருப்பி அனுப்பலாம்னு முன்கூட்டியே சொல்றான் பாரு. அவனுக்கே அவன் சரக்கு மேல நம்பிக்கை இல்ல."

மகள் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கையுறை போட வேண்டும் என்பதால் மோதிரத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். நான்காம் நாள் அவள் தலை மறைந்ததும் சீல்காரர் மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடைவீதிக்குக் கிளம்பினார்.

நகைக்கடையில் ஈ, காக்கை இல்லை. ஆன்லைனில் வாங்கியது என்று சொன்னதும் கடைக்காரர் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆனது. "மிஷின்ல வச்சுப் பாத்துடலாம்" என்று மோதிரத்தை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்தார்.

"சுமார்தான் சார். நீங்க நினைக்கிற தரம் இல்ல. வேணும்னா என்கிட்ட குடுத்துடுங்க, பாத்துப் போட்டுத் தரேன்."

சீல்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தான் சந்தேகப்பட்டது சரி என்ற திருப்தி பஸ் நிறுத்தம் வரைக்கும் நிலைக்கவில்லை. சுமார் கல்லை அந்த ஆள் ஏன் விலைக்குக் கேட்டார்? பத்து நிமிஷம் திரைக்குப் பின்னால் என்ன நடந்தது? சோதனைக்குக் கழற்றிய மீட்டரை ஒரு நாளும் கண் மறைவாக விட்டவர் இல்லை அவர். இன்றைக்கு மகளின் மோதிரத்தை விட்டுவிட்டு, கடையில் நாள்காட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் இருந்த ஜொலிப்பு இல்லாததுபோலத் தோன்றியது. மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, அவ மோதிரம் உங்க கையில எப்படி?"

மறைக்கத் தெரியவில்லை. சொன்னார்.

"சும்மா இருந்த சங்கை ஊதிட்டு வந்து நிக்கிறீங்க" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவள்தான் பெட்டியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள்: "கல்லோட விளிம்புல பொடியா ஒரு நம்பர் இருக்கும் சார். சர்டிபிகேட்ல இருக்கறதோட ஒத்துப் பாருங்க."

சீல் பார்க்க வைத்திருந்த பழைய லென்ஸைத் தேடியெடுத்தார். சர்டிபிகேட் மகளின் போனில் இருந்தது.

மகள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். கைகழுவி வந்து எதிரே உட்கார்ந்து போனைத் திறந்தாள்.

"படிங்க."

அவர் ஒற்றைக் கண்ணை இடுக்கி ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். நடுவில் கண்ணில் நீர் கோத்தது. துடைத்துக்கொண்டு படித்தார். பத்தும் ஒத்துப்போயின. எந்தக் கல்லில் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் பொறிக்கலாமே என்ற நினைப்பு அப்போதும் எழுந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"அப்பா, உங்க சந்தேகம் கல்லு மேலயா, அவர் மேலயா?"

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொருளையும் போன்ல பாத்தோம், ஆளையும் போன்லதான் பாத்தோம். எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?"

"ஆளுக்கு நம்பர் போட்டு அனுப்ப மாட்டாங்கப்பா" என்றாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு பேசினாள். வெளியே வந்தவள், "ஒரு வாரம் நேர்ல வரச் சொல்லியிருக்கேன். அப்புறம்தான் கல்யாணத் தேதி. எனக்கும் மனசுல அந்தக் கவலை இருந்துச்சு" என்றாள்.

மோதிரம் வந்த பதினேழாம் நாள் பையன் வந்தான். போனில் பார்த்ததைவிட ஒரு பிடி குள்ளம், முன்தலையில் முடி வேறு குறைச்சல். சீல்காரர் இரண்டு நாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாம் நாள் காபியைக் கையில் கொடுத்து நேராகவே கேட்டார்.

"மோதிரத்தை ஏன் தம்பி கடையில வாங்கல?"

அவன் கூச்சத்தோடு சிரித்தான். "கடையில என் கண்ணு முன்னாடியே மாத்தி வச்சாக்கூட எனக்குத் தெரியாது மாமா. அதான் வீட்ல உக்காந்து இருநூறு கல்லுக்குப் பட்டியல் போட்டேன். வித்தவனைப் பத்தி ஏழு பேர்கிட்ட விசாரிச்சேன். வந்ததும் உங்க பொண்ணை ஆஸ்பத்திரி லென்ஸ்ல நம்பரைப் படிக்கச் சொல்லி நானும் சரிபாத்துட்டேன்."

"அவ என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன். சந்தேகப்பிராணின்னு நினைச்சுடுவீங்களேன்னு."

சீல்காரர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த ஏழு பேரு யாரு, என்ன சொன்னாங்க? ஒண்ணொண்ணா சொல்லு" என்றார்.